இடது ஓரத்து ஏழு சென்டிமீட்டர்

நேயர்களுக்கு வணக்கம். ஓர் இதழின் அட்டையை நாம் முழுசாகப் பார்ப்பது அது கைக்கு வந்த பிறகுதான். பிரிட்டனின் பத்திரிகைக் கடைகளில் இசை இதழ்களை ஒன்றன்மேல் ஒன்று சரித்து அடுக்கியிருப்பார்கள். ஒவ்வொன்றின் வலப்பக்கத்தையும் அடுத்தது மறைத்துவிடும். ஏ4 அளவுள்ள இதழ் 21 சென்டிமீட்டர் அகலம் என்றால், வாசகர் கண்ணில் படுவது இடது ஓரத்து ஏழு சென்டிமீட்டர். அட்டை வேலை அங்கிருந்துதான் தொடங்குகிறது.

1986-இல் லண்டனில் தொடங்கிய 'கியூ' இதழ் இதற்கு நல்ல பாடம். சிவப்புச் சதுரத்துக்குள் வெள்ளையில் Q என்ற ஒற்றை ஆங்கில எழுத்து, இடது மேல் மூலையில். முதலில் யோசித்த பெயர், இசைத்தட்டைச் சரியான இடத்தில் ஓடத் தயாராக வைப்பதைக் குறிக்கும் 'Cue' என்ற ஆங்கிலச் சொல். ஸ்னூக்கர் ஆடும் கோலுக்கும் அதே சொல்தான்; விளையாட்டு இதழ் என்று நினைத்துவிடுவார்களே என்று, ஒலியை அப்படியே வைத்துக்கொண்டு ஒற்றை எழுத்தாக்கினார்கள். 2020-இல் அச்சு நிற்கும்வரை, எத்தனை நெருக்கமாக அடுக்கினாலும் முழுப்பெயரும் வெளியே தெரிந்தது.

நீளப் பெயருக்கு இந்த வசதி இல்லை. அங்கே எழுத்தின் வடிவமே அடையாளமாக வேண்டும். 1981-இல் வந்த 'கெராங்!' கனமான ராக் இசைக்கான இதழ். கிதாரில் ஓங்கி அடித்த நாதம்தான் பெயர். எழுத்துகள் கண்ணாடி விரிசல் விட்டதுபோல் இருக்கும். முதல் இரண்டு எழுத்து தெரிந்தாலே ரசிகருக்குப் போதும். பாடகரின் தலை பெயர்மேல் ஏறி நிற்கும் அட்டைகள் அழகுதான். ஆனால் பெயர் பதிந்துபோன இதழுக்கே அது தாங்கும். புது இதழ் தன் பெயரைத் தானே மறைத்துக்கொள்ளக் கூடாது.

அந்தத் தலையை வெட்டியெடுப்பதில்தான் நிறைய அட்டைகள் கெடுகின்றன. வெள்ளைப் பின்னணியில் எடுத்த படத்தைக் கறுப்பு அட்டையில் ஒட்டினால், முடியைச் சுற்றி வெள்ளைக் கோடு நிற்கும். கணினியில் எவ்வளவு தடவினாலும் முடியிழைகள் மொட்டையாகிவிடும். அட்டையின் பின்னணி நிறத்தைப் படம் எடுப்பதற்கு முன்பே முடிவு செய்துவிட வேண்டும். முடியாவிட்டால் நடுத்தரச் சாம்பல் பின்னணியில் எடுப்பது நல்லது. பாடகர் கேமராவை நேராகப் பார்க்கட்டும். நாலு பேர் குழு என்றால் பாடகரை முன்னால் நிறுத்தி மற்றவர்களைத் தோளுக்குப் பின்னால் வையுங்கள். வரிசையாக நிறுத்தினால் நாலு முகமும் சிறுத்து, யாரும் கண்ணில் நிற்க மாட்டார்கள்.

அச்சுக்கூடத்தில் வேறு சிக்கல். திரையில் பளபளக்கும் ஒளிர் இளஞ்சிவப்பு, நீலம், சிவப்பு, மஞ்சள், கறுப்பு என்று நாலு மையில் ஓடும் நால்வண்ண அச்சில் மங்கிப்போகும். அதுதான் வேண்டுமென்றால் ஐந்தாவதாகத் தனி மை கேளுங்கள், செலவு கூடும். பெரிய கறுப்புப் பரப்புக்குக் கறுப்பு மை மட்டும் போட்டால் சாம்பல் பூத்துத் தெரியும். நீலமும் கொஞ்சம் சேர்க்க வேண்டும். ஒவ்வொரு மையும் 100 சதவீதம் வரை போகலாம்; ஒரே இடத்தில் நாலு மையின் கூட்டுத்தொகை 300 சதவீதத்தைத் தாண்டினால் மை சரியாகக் காயாமல் அடுத்த தாளின் பின்புறத்தில் ஒட்டும். நாலு மையும் கலந்த கறுப்பில் பொடி வெள்ளை எழுத்து வேண்டவே வேண்டாம்: அச்சுத் தகடு மயிரிழை நகர்ந்தாலும் எழுத்தின் உள்வெளி அடைத்துக்கொள்ளும்.

படம், தாளை வெட்டும் கோட்டுக்கு வெளியே மூன்று மில்லிமீட்டர் நீண்டிருக்க வேண்டும். இல்லாவிட்டால் ஓரத்தில் வெள்ளைக் கீற்று விழும். இன்னொன்றும் உண்டு. விலைமதிப்புள்ள அதே இடது ஓரத்தில்தான் முதுகுக்குப் பசை ஒட்டுகிறார்கள். முதுகை ஒட்டி ஒரு மடிப்புக்கோடு விழும். எழுத்தை அங்கிருந்து ஒரு சென்டிமீட்டராவது உள்ளே தள்ளுங்கள்.

அட்டையில் தலைப்பு வரிகள் ஐந்தாறு போதும். ஒன்று பெரிது, மற்றவை அதில் பாதிகூட இருக்க வேண்டாம். "பரபரப்புப் பேட்டி" என்பதைவிட, பேட்டியில் பேசிய விஷயத்தைச் சொல்லும் வரி வாசகரை நிறுத்தும்.

வரியே இல்லாமல் வென்ற அட்டையும் உண்டு. 1981 ஜனவரி 22 தேதியிட்ட அமெரிக்க இசை இதழ் 'ரோலிங் ஸ்டோன்'. ஆடையின்றி உடலைச் சுருட்டி, கறுப்பு உடையில் படுத்திருக்கும் மனைவி யோகோ ஓனோவைக் கட்டிக்கொண்டிருக்கும் பீட்டில்ஸ் பாடகர் ஜான் லெனன். புகைப்படக்காரர் அன்னி லீபோவிட்ஸ் அதை எடுத்தது 1980 டிசம்பர் 8. அன்றிரவே லெனன் சுட்டுக்கொல்லப்பட்டார். இதழின் பெயரைத் தவிரத் தலைப்பு வரி ஒன்றும் வைக்கவில்லை. வைத்திருந்தால் அந்தப் படத்தின்மேல் கை வைத்ததாகியிருக்கும். செய்தி உலகத்துக்கே தெரிந்திருந்ததால்தான் அந்த மௌனம் பேசியது. சாதாரண மாதத்து அட்டையில் அதையே செய்தால் வாசகருக்கு ஒன்றும் புரியாது.

உங்கள் அட்டை முடிந்ததும் முழு அளவில் அச்செடுத்துச் சுவரில் ஒட்டுங்கள். வலப்பக்கம் 14 சென்டிமீட்டரை வெள்ளைத்தாளால் மூடுங்கள். இதழைப் பார்த்திராத ஒருவரைக் கூப்பிட்டு, மூன்று மீட்டர் தள்ளி நிறுத்தி, இது எந்த மாதிரி இசைக்கான இதழ் என்று கேளுங்கள். அவர் தயங்கினால், மாற்ற வேண்டியது அந்த ஏழு சென்டிமீட்டரில் இருக்கிறது.