விழுந்த மரங்களில் ஒரு வீடு

வணக்கம் நேயர்களே.

கீழ்ப்பழனி மலையில், தாண்டிக்குடிக்கு மேலே, எங்கள் தாத்தா வைத்த மூன்று ஏக்கர் காப்பித் தோட்டம் இருக்கிறது. அப்பா காலமான பிறகு பத்து வருடம் யாரும் அந்தப் பக்கம் போகவில்லை. நான் போனபோது காப்பிச் செடி ஒன்றுகூடக் கண்ணில் படவில்லை. ஆள் உயரத்துக்கு மேல் உண்ணிச்செடி என்ற களைப்புதர்தான் மண்டிக் கிடந்தது.

இயந்திரத்தை விட்டு ஒரே நாளில் வழித்துவிடு என்று பலர் சொன்னார்கள். மலைச் சரிவில் அப்படிச் செய்தால் அடுத்த மழையில் மேல்மண் ஓடைக்குப் போய்விடும். அரிவாளால் வெட்டினாலும் பயனில்லை, வெட்டிய இடத்திலிருந்து இரண்டு மடங்காகத் துளிர்க்கும். மழை பெய்து மண் இளகியிருக்கும்போது, தரைக்குச் சற்றுக் கீழே வேரை வெட்டி, செடியைத் தூக்கித் தலைகீழாகப் போட வேண்டும். காய் பழுப்பதற்கு முன்பே செய்ய வேண்டும், இல்லையென்றால் பழத்தைத் தின்று குருவிகள் மறுபடி விதைத்துவிடும். நானும் தம்பியும் ஊர்க்காரர்கள் நான்கு பேரும் துண்டு துண்டாக எடுத்தோம். இரண்டு வருடம் ஆயிற்று. அடியில் தாத்தாவின் காப்பிச் செடிகள் வெளிச்சம் தேடிக் கொடிபோல் நீண்டு கிடந்தன. அடியோடு கவாத்து செய்தோம், துளிர்த்தன. அன்று எனக்கு அழுகையே வந்துவிட்டது.

2018 நவம்பரில் கஜா புயல் வேதாரண்யம் அருகே கரையேறி எங்கள் மலை வரை வந்தது. நிழலுக்கு வைத்திருந்த சில்வர் ஓக் மரங்கள் வரிசையாகச் சாய்ந்தன. பட்டா நிலமே ஆனாலும் மலைப்பகுதியில் மரம் வெட்ட 1955-ஆம் ஆண்டுச் சட்டப்படி அனுமதி வேண்டும். நிற்கும் மரம் ஒன்றையும் நாங்கள் தொடவில்லை. விழுந்தவற்றுக்குத் தகவல் சொல்லி, வீடு கட்டவும் அனுமதி வாங்கினோம்.

உருட்டுமரங்களை அடுக்கிக் கட்டும் வீடு பைன் மரம் வளரும் குளிர்நாடுகளின் வழக்கம். சில்வர் ஓக்கும் நேராக வளரும் என்பதால் துணிந்தோம். விழுந்த வாரமே பட்டையை உரித்தோம், பட்டைக்கு அடியில்தான் வண்டு முட்டையிடும். போராக்ஸும் போரிக் அமிலமும் கலந்த கரைசலைப் பூசி, கல்மேல் அடுக்கி, ஒரு வருடம் நிழலில் காயவிட்டோம். அப்புறம் இரண்டடிக் கல் பீடம் எழுப்பினோம். கறையான் வந்தால் கல்லிலேயே மண்தடம் தெரிந்துவிடும். மூலையில் மரங்கள் ஒன்றன்மேல் ஒன்று உட்காரும் வாயை, மேல் மரத்தின் அடிப்பக்கத்தில்தான் வெட்ட வேண்டும் என்றார் எங்கள் ஆசாரி. கீழ் மரத்தில் வெட்டினால் பள்ளத்தில் மழைநீர் தங்கி மரம் உளுத்துவிடும். கூரையை மூன்றடி வெளியே இழுத்துவிட்டோம்.

மரம் காயக் காயச் சுருங்கும், சுவரே கீழிறங்கும். அதனால் கதவு நிலைக்கு மேலே மூன்று விரல் இடைவெளி விட்டு, பழந்துணியை அடைத்து, மேலே பலகை மறைப்பு வைத்தார் ஆசாரி. போன மாதம் பலகையைக் கழற்றிப் பார்த்தேன். ஒரு விரல்தான் மிச்சம்.