ஒரு வருகைக்கு மூன்று ஓவியங்கள் போதும்

ஆசிரியர்களுக்கும் பெற்றோர்களுக்கும் வணக்கம்.

பதினான்கு, பதினைந்து வயதுப் பிள்ளைகளை அருங்காட்சியகத்துக்குக் கூட்டிப்போகிறோம். அரை மணி நேரத்தில் கை போனுக்குப் போய்விடுகிறது. உடனே, இவர்களுக்குக் கலையில் நாட்டமே இல்லை என்று முடிவுகட்டிவிடுகிறோம். கோளாறு பெரும்பாலும் நாம் கூட்டிப்போகும் முறையில்தான் இருக்கிறது.

முதல் கோளாறு, எல்லாவற்றையும் காட்டிவிட நினைப்பது. பார்த்துப் பார்த்தே களைத்துப்போகும் அருங்காட்சியகச் சோர்வைப் பற்றி, பாஸ்டன் நுண்கலை அருங்காட்சியகத்தில் பணியாற்றிய பெஞ்சமின் ஐவ்ஸ் கில்மன் 1916இலேயே எழுதிவிட்டார். காட்சிப்பொருளைப் பார்க்க ஒருவர் எப்படியெல்லாம் குனிந்து, குந்தி, கழுத்தை வளைக்க வேண்டியிருக்கிறது என்பதைப் புகைப்படங்களோடு காட்டினார். பெரியவர்களும் இதற்கு விலக்கில்லை. நியூயார்க் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்தில் பார்வையாளர்களைக் கவனித்து 2001இல் வெளியான ஆய்வு ஒன்றில், ஒரு படைப்பின் முன் ஒருவர் நின்ற நேரம் சராசரியாக 27 நொடிதான். நாமே அரை நிமிடம் நிற்காதபோது பிள்ளைகளை மட்டும் கடிந்துகொள்வது நியாயமில்லை.

அதனால் மொத்தம் ஒன்றரை மணி நேரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். முதல் இருபது நிமிடம் நீங்கள் எதுவும் பேச வேண்டாம். ஒரே கூடத்தில் அவர்கள் இஷ்டம்போல் சுற்றட்டும். பிடித்தது ஒன்று, பிடிக்காதது ஒன்று என ஆளுக்கு இரண்டைக் குறித்துக்கொண்டு வரட்டும். பிடிக்காதது ரொம்ப முக்கியம். "இது ஏன் இங்கே தொங்குகிறது?" என்று கோபப்படும் பிள்ளை அந்தப் படத்தை உண்மையாகவே பார்த்திருக்கிறது. அந்தப் பட்டியலிலிருந்து மூன்றை மட்டும் எடுத்து, ஒவ்வொன்றுக்கும் பதினைந்து நிமிடம் கொடுங்கள். ஒரு குழுவில் ஆறேழு பேருக்கு மேல் வேண்டாம். முப்பது பேர் ஒரே ஓவியத்தின் முன் நின்றால் முன்வரிசைக்கு மட்டும்தான் படம் தெரியும். பின்வரிசை பேச ஆரம்பித்துவிடும்.

படத்தின் முன் என்ன கேட்பது? உளவியலாளர் அபிகெயில் ஹௌசனும் அருங்காட்சியகக் கல்வியாளர் ஃபிலிப் யெனவைனும் உருவாக்கிய முறையில் மூன்றே கேள்விகள்: இந்தப் படத்தில் என்ன நடக்கிறது? எதைப் பார்த்து அப்படிச் சொல்கிறாய்? இன்னும் என்ன தெரிகிறது? இரண்டாவது கேள்விதான் உயிர்நாடி. அது பிள்ளையின் கண்ணைத் திரும்பவும் படத்துக்கே அனுப்புகிறது. பதில் வந்ததும் "சரி", "தப்பு" என்று சொல்லிவிடாதீர்கள். சொன்ன ஆளுக்குச் சொன்னதைத் தெளிவாகத் திருப்பிச் சொல்லி, அந்த இடத்தை விரலால் சுட்டினால் போதும். விரல் படத்துக்கு அரை மீட்டராவது தள்ளியே இருக்கட்டும்.

லண்டன் நேஷனல் கேலரியில் ஹான்ஸ் ஹோல்பைன் 1533இல் வரைந்த 'தூதர்கள்' இருக்கிறது. ஏறத்தாழ இரண்டு மீட்டர் உயரம், அதே அளவு அகலம். விலையுயர்ந்த உடையில் இரண்டு ஆண்கள், நடுவில் கருவிகள் நிறைந்த அடுக்கு. தரையில் கோணலாக நீண்டு கிடக்கிறது சாம்பல் நிறத்தில் ஏதோ ஒன்று. "அது என்ன?" என்று யாராவது நிச்சயம் கேட்பார்கள். பதில் சொல்லாதீர்கள், நிற்கும் இடத்தை மாற்றிப் பார்க்கச் சொல்லுங்கள். சுவரை ஒட்டி வலப்பக்கம் போய்ச் சாய்வாகப் பார்க்கும்போது அது மண்டையோடாகத் திரண்டு எழும். கண்டுபிடித்த பிள்ளை மற்றவர்களைக் கூப்பிடும். அதன்பிறகு கீழ்த்தட்டில் கிடக்கும் லூட் இசைக்கருவியில் ஒரு தந்தி அறுந்திருப்பதையும், இடது மேல்மூலையில் திரைக்குப் பின்னால் பாதி மறைந்த சிலுவையையும் அவர்களே தேடிக்கொள்வார்கள். அந்த இருவரின் வயது 29, 25 என்று படத்திலேயே ஒளித்து எழுதப்பட்டிருக்கிறது. மண்டையோடும் அறுந்த தந்தியும் அந்த வயதுக்குப் பக்கத்தில் ஏன் என்று கேட்டால், பேச்சு எளிதில் நிற்காது. விளக்க அட்டையை இதற்கெல்லாம் பிறகு படித்தால் போதும். முதலிலேயே படித்துவிட்டால் தேடுவதற்கு ஒன்றும் மிஞ்சாது.

எல்லா அருங்காட்சியகத்திலும் இதே படம் இருக்காது. ஆனால் எந்தச் சிலைக்கும் முதுகுப் பக்கம் உண்டு. எந்த எண்ணெய் ஓவியத்தையும் பக்கவாட்டில் பார்த்தால் வண்ணத்தின் தடிப்பும் வெடிப்பும் தெரியும்.

போனைப் பிடுங்க வேண்டாம். உளவியலாளர் லிண்டா ஹெங்கலின் 2014 ஆய்வில், முழுப்பொருளையும் படம் எடுத்தவர்களுக்கு அது குறைவாகவே நினைவில் நின்றது. ஒரு பகுதியை மட்டும் நெருக்கி எடுத்தவர்களுக்கு அந்த இழப்பு இல்லை. ஆகவே ஃபிளாஷை அணைத்துவிட்டு, கை, காது, துணிமடிப்பு என்று ஒரு துண்டை மட்டும் எடுக்கச் சொல்லுங்கள். இன்னும் நல்லது, பத்து நிமிடம் வரைவது. பென்சில்தான் கொண்டுபோக வேண்டும், பல கூடங்களில் பேனாவை அனுமதிப்பதில்லை. முழுப்படத்தையும் வரையச் சொன்னால் "எனக்கு வராது" என்று மூடிவைத்துவிடுவார்கள். ஒரே ஒரு கையை வரையச் சொன்னால், விரல் எங்கே மடிகிறது என்று பத்து தடவை நிமிர்ந்து பார்த்தே ஆக வேண்டும்.

வெளியே வந்ததும் கட்டுரை எழுதச் சொல்லாதீர்கள். எழுதியே தீர வேண்டும் என்றால், அடுத்த முறை யாரிடம் எந்தப் படத்தைக் காட்டுவாய், எங்கே நிற்க வைப்பாய் என்று இரண்டு வரி எழுதட்டும். அடுத்த வருகையில் அந்தத் தாளை வைத்து அவர்களே வழிகாட்டட்டும், நாம் பின்னால் போவோம்.