அஞ்சு வாளி பால் எங்கல போச்சு?

வணக்கம் மக்கா, இன்னைக்கு ஜார்ஜ் ஆர்வெல்லோட அனிமல் ஃபார்ம். அதுக்கு முன்னாடி எங்கூரு கோயில் கொடைய, அதான் அம்மன் கோயில் திருவிழாவ மாதிரி, வருசாவருசம் நடக்குற ஊர்த் திருவிழாவ பத்தி கொஞ்சம் சொல்லிக்கிடுதேன், அப்பதான் வெளங்கும். கெடா வெட்டி ஓலைப்பாய்ல கறிய கூறு வச்சு வரி குடுத்த வீட்டுக்கெல்லாம் பங்கு போடுவாவ, சின்னப்புள்ளைல நான் தூக்குச்சட்டியோட போய் நின்னேன், கூறுல எலும்பு கெடக்கு, கொழுப்பு கெடக்கு, ஈரல மட்டும் காணும். "ஈரல் எங்கப்பா?"ன்னு கேட்டா, "சும்மா கெடல, கொடை நடத்துறவியதான ராப்பகலா அலையுதாவ"ன்னு அப்பா ஒரு அதட்டு.

சரி, புக்குக்கு வருவோம். 1945ல வந்தது. ரஷ்யாவுல ஜார் ஆட்சிய கவுத்துட்டு கடைசில ஸ்டாலின் கைல போய் மாட்டுன கதைய பண்ணை மிருகங்கள வச்சு சொல்லிருக்காரு. (ஆர்வெல் பொறந்தது நம்ம பீகார்ல, மோதிஹாரில!) பண்ணைக்காரன் ஜோன்ஸ் குடிச்சிட்டு தீனி போடல, பசி பொறுக்காம எல்லாம் சேந்து அவன வெரட்டி விட்டுருதுவ.

அதுக்கப்பறம் பன்னிங்கதான் தலைவருங்க. அதுல நெப்போலியன்ங்குற பன்னி நாய ஏவி, கூட தலைவனா இருந்த ஸ்னோபால்ங்குற பன்னிய தொரத்துற எடத்துலதான் எல்லாம் கெட்டுச்சுன்னு நெறைய பேரு சொல்லுதாவ. எனக்கென்னமோ அது ரொம்ப லேட்டு. ஜோன்ஸ் ஓடுன மறுநாளே பாருங்க, மாடுவ மடி கனத்து கத்துது, பன்னிங்களே கறக்குது, நொரையோட அஞ்சு வாளி பால். ஜோன்ஸ் சமயத்துல எங்க தீனியிலயும் கலந்து தருவான்னு ஒரு கோழி சொல்லுது. நெப்போலியன் வாளிக்கு முன்னால வந்து நின்னுக்கிட்டு, பால நான் பாத்துக்கிடுதேன் நீங்க வேலைக்கு போங்கன்னு அனுப்பிருதான், சாயங்காலம் வந்து பாத்தா பால் இல்ல. அப்பறம் ஆப்பிளும் பன்னிக்குதான்னு ஆவுது. கேட்டா நெப்போலியனுக்காக பேசுற ஸ்குவீலர் பன்னி வந்து, நாங்க மூளைய கசக்குறோம், உங்களுக்காகத்தான் குடிக்கோம், இல்லாட்டி ஜோன்ஸ் திரும்பி வந்துருவான்னு பயங்காட்டுதான். பால் ஆப்பிள் விசயம்தான் கதையோட திருப்பம்னு ஆர்வெல்லே ஒரு லெட்டர்ல எழுதிருக்காரு.

அதுக்கப்பறம் எல்லாம் சரசரன்னு போவுது. சாராயம் குடிக்கக் கூடாதுன்னு செவுத்துல சட்டம், ராத்திரில படார்னு சத்தம், போய் பாத்தா ஏணி ஒடிஞ்சு கெடக்கு, பக்கத்துல ஸ்குவீலர், பெயிண்ட் டப்பா கவுந்து கெடக்கு. கொஞ்ச நாள் கழிச்சு வாசிச்சா 'அளவுக்கு மீறி' குடிக்கக் கூடாதுன்னு இருக்கு! ஒழைச்சு ஒழைச்சு விழுந்த பாக்ஸர் குதிரைய ஆஸ்பத்திரிக்குன்னு சொல்லி அடிமாட்டு வண்டில ஏத்துதானுவ, அப்பறம் பன்னிங்களுக்கு விஸ்கி வாங்க எங்கிருந்தோ காசு வருது.

எங்கூருல அடுத்த வருச கொடைக்கும் அதே ஆளுவளத்தான் கணக்கு பாக்க போட்டாவ. அப்பாவும் கைய தூக்குனாவ.