429 கோடிக்குள் ஒளிந்திருந்த 641

[திரையில்: 4294967297]

வணக்கம். இன்றைக்கு ஒரே ஒரு எண்தான். 429 கோடியே 49 லட்சத்து 67 ஆயிரத்து 297. பேப்பரும் பேனாவும் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள், கடைசியில் நீங்களே ஒரு கணக்குப் போடப் போகிறீர்கள்.

இந்த எண் எங்கிருந்து வந்தது? 2-ல் ஆரம்பிப்போம். ஒன்று கூட்டினால் 3. 2-ன் வர்க்கம் 4, ஒன்று கூட்டினால் 5. 4-ன் வர்க்கம் 16, கூட்டினால் 17. இப்படியே போனால் 257, அப்புறம் 65537. ஐந்துமே பகா எண்கள். அதே வழியில் ஆறாவதாக வருவதுதான் நம்முடைய எண்.

பிரான்சின் துலூஸ் நகரில் நீதிமன்றப் பணியில் இருந்த பியர் டி ஃபெர்மா, இந்த வரிசையில் வரும் எல்லாமே பகா எண்கள்தான் என்று நம்பினார். 1640-ல் எழுதிய கடிதங்களிலேயே அதைச் சொல்கிறார். நிரூபணம் மட்டும் அவரிடம் இல்லை.

1729-ல் கணித அறிஞர் கோல்ட்பாக், ஃபெர்மா சொன்னது உண்மைதானா என்று இன்னொரு கணித அறிஞரான ஆய்லருக்கு எழுதிக் கேட்டார். ஆய்லருக்கு அப்போது 22 வயது. 1732-ல் பதில் வந்தது: இந்த எண் 641-ஆல் மீதியில்லாமல் வகுபடும்.

641 எப்படிக் கிடைத்திருக்கும்? சாதாரணமாகத் தேடினால் 65536-க்குக் கீழே இருக்கும் 6542 பகா எண்களால் வகுத்துப் பார்க்க வேண்டியிருக்கும். ஆனால் ஆய்லர் பின்னாளில் நிரூபித்த விதி ஒன்று இருக்கிறது. இந்த எண்ணை வகுக்கும் பகா எண் எதுவானாலும், அதை 64-ஆல் வகுத்தால் மீதி 1 வர வேண்டும். அப்படிப்பட்ட பகா எண்களை வரிசையாக எழுதுங்கள்: 193, 257, 449, 577, 641. அவ்வளவுதான், ஐந்தாவதிலேயே சிக்கிவிட்டது! இந்த விதிக்கு அடிப்படையான தேற்றத்தைத் தந்தவரே ஃபெர்மாதான். அவர் கை நீட்டினால் தொடும் தூரத்தில் 641 இருந்திருக்கிறது. ஒவ்வொரு முறையும் எனக்கு இது மனதைப் பிசையும்.

[திரையில்: கையால் போடும் வகுத்தல் கணக்கு]

சரி, இப்போது வகுப்போம். 4294-ல் 641 ஆறு முறை போகும், மீதி 448. அடுத்த 9-ஐ இறக்கினால் 4489. ஏழு முறை, 4487 போக மீதி 2. 6-ஐ இறக்கினால் 26, போகாது, பூஜ்ஜியம். 7-ஐ இறக்கினால் 267, இன்னொரு பூஜ்ஜியம். 2-ஐ இறக்கினால் 2672, நான்கு முறை, மீதி 108. 9-ஐ இறக்கினால் 1089, ஒரு முறை, மீதி மறுபடியும் அதே 448! கடைசி 7-ஐ இறக்குங்கள்: 4487. சற்று முன் இரண்டு அதிகமாக நின்றது, இப்போது கச்சிதமாக ஏழு முறை. மீதி பூஜ்ஜியம்.

ஈவு 6700417. அதுவும் பகா எண்தான், அதற்கு மேல் உடையாது.

அடுத்த எண்ணுக்கு 20 இலக்கங்கள். அதை 1880-ல் உடைத்தவர் ஃபோர்த்துனே லாந்த்ரி, அப்போது அவருக்கு 82 வயது. 274177 அதை வகுக்கிறது. அதற்குப் பிறகு கம்ப்யூட்டர்கள் வந்து எவ்வளவோ தூரம் தேடிப் பார்த்துவிட்டன. ஃபெர்மாவின் வரிசையில் ஆறாவது பகா எண் இன்றுவரை கிடைக்கவில்லை.