42 கிலோமீற்றருக்கு ஒரு முழுப்பேர்

தோட்டத்துப் பெரியவர்களே, கோயில் கமிட்டி அண்ணன்மாரே, ஓடுவதற்குப் பேர் கொடுத்திருக்கிற தம்பி தங்கச்சிமாரே, எல்லோருக்கும் வணக்கம். புற்றுநோய்ச் சிகிச்சைக்குப் போகிற நம் ஆட்களுக்குக் காசு சேர்க்க 42 கிலோமீற்றர் ஓடப் போகிறோம்.

போன கிழமை தேயிலைக் கொழுந்து நிறுக்கிற இடத்தில் பற்றுச்சீட்டுப் புத்தகத்தோடு நின்றேன். ஒரு பாட்டி கூடையை இறக்கி வைத்துவிட்டு, இடுப்பில் கட்டியிருந்த படங்கை விலக்கி, சுருக்குப்பையைத் தேடி எடுத்தார். மழையில் ஒட்டிப்போன இரண்டு ஐம்பது ரூபாத் தாள். விரல் முழுக்கக் கொழுந்துக் கறை. தாளைப் பிரிக்க அவருக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. ஒவ்வொரு கிலோமீற்றரையும் காசு தருகிறவர்களின் பேரில் எழுதுகிறோம் என்று கேள்விப்பட்டிருக்கிறார். "எனக்கு ஏத்தமான எடமா எழுது புள்ள. சமதரையில எப்படியும் ஓடிருவீங்க" என்றார்.

யாருக்காக இந்தக் காசு என்று ஒரு தடவை சொல்லிவிடுகிறேன். கொழும்புக்குப் பக்கத்தில் இருக்கிற மகரகமை புற்றுநோய் வைத்தியசாலையில் சிகிச்சைக்குக் காசு வாங்குவதில்லை. என் அம்மாவை அங்கேதான் கூட்டிக்கொண்டு போனேன். ஆனால் கதிர்ச் சிகிச்சை என்றால் கிழமைக்கு ஐந்து நாள், அதுவும் பல கிழமைகள். மலையிலிருந்து தினமும் போய்வர முடியுமா? பக்கத்தில் எங்கேயாவது தங்க வேண்டும், சாப்பிட வேண்டும், கூடவே ஒரு ஆள் இருக்க வேண்டும். அந்த ஆளுக்கு அத்தனை நாளும் பேர் இல்லை, அதாவது நாள் சம்பளம் இல்லை. பாதிச் சிகிச்சையோடு வீட்டுக்குத் திரும்பி வந்தவர்களை நம் லயத்திலேயே பார்த்திருக்கிறோம். பஸ் காசு, தங்குகிற காசு, துணைக்குப் போகிறவரின் சாப்பாடு. நாம் சேர்ப்பது இந்த மூன்றுக்கும்தான்.

சரி, போன கூட்டத்தில் ஒரு அண்ணன் எழுந்து கேட்டார்: "நீங்க பாதி வழியில நின்னுட்டா காசைத் திருப்பித் தருவீங்களா?" நியாயமான கேள்வி. பறித்த கொழுந்து கிலோ குறைந்தால் அரைப்பேர், பாதிச் சம்பளம்தான் என்ற கணக்கில் வளர்ந்தவர்கள் நாம். எங்கே பார்த்தாலும் அந்தக் கணக்குத்தான் ஞாபகம் வரும்.

1980 ஏப்ரலில் கனடாவில் டெரி பொக்ஸ் என்ற இளைஞர் ஓடத் தொடங்கினார். புற்றுநோயால் வலது காலை முழங்காலுக்கு மேலே எடுத்துவிட்டார்கள். செயற்கைக் காலோடு, நாட்டின் ஒரு கரையிலிருந்து மறுகரைக்கு, நாளைக்கு ஏறக்குறைய ஒரு மரதன் தூரம். 143 நாள், 5,373 கிலோமீற்றர். அதற்குள் நோய் நுரையீரலுக்குப் பரவிவிட்டது. தண்டர் பே என்ற ஊருக்குப் பக்கத்தில் நின்றவர் மறுகரையைத் தொடவே இல்லை. அடுத்த வருஷம், 22 வயதில் இறந்துபோனார். அவர் கேட்டது ஆளுக்கு ஒரு டொலர். அப்போது கனடாவின் ஜனத்தொகை ஏறக்குறைய இரண்டு கோடி நாற்பது லட்சம். அவர் கண்மூடுவதற்கு முன்பே அத்தனை டொலரும் சேர்ந்துவிட்டது. பாதியில் நின்ற ஓட்டத்துக்கு அந்த ஜனங்கள் முழுப்பேர் போட்டார்கள். அண்ணனுக்கு என் பதில் அதுதான்.

நம் நாட்டிலும் நடந்திருக்கிறது. 2011இல் தெற்கே தெய்வேந்திர முனையிலிருந்து வடக்கே பருத்தித்துறை வரை நடந்தே போய், தெல்லிப்பழைப் புற்றுநோய் வைத்தியசாலைக்கு நிதி சேர்த்தார்கள். நடை நமக்குப் புதிதா என்ன? தோட்ட வேலைக்காக இந்தியாவிலிருந்து வந்து, மன்னாரிலிருந்து மாத்தளைக்குக் காட்டுவழியே நடந்து வந்தவர்களின் பிள்ளைகள் நாம். வழியில் விழுந்தவர்களுக்குச் சமாதிகூட இல்லை.

இனி ஓடுகிறவர்களுக்கு. கொட்டகலையில் புறப்பட்டு, தலவாக்கலை, லிந்துலை, நானுஓயா வழியாக நுவரெலியா. 42 கிலோமீற்றருக்குக் குறைகிற தூரத்துக்கு அங்கே கிரகரி வாவியைச் சுற்றி ஓடுவோம். தலவாக்கலையிலிருந்து நுவரெலியாவுக்குள் 600 மீற்றருக்கும் மேலே ஏற வேண்டும். செங்குத்தான இடத்தில் நடந்தால் வெட்கம் ஒன்றும் இல்லை. பக்கத்தில் வருகிறவரோடு பேச முடிகிற வேகத்தில் போங்கள். பேச்சு நின்றால் வேகம் கூடிவிட்டது என்று அர்த்தம். இறக்கத்தில்தான் கவனம் வேண்டும், தொடைச் சதை அங்கேதான் கிழிபடும். கிட்டத்தட்ட 30 கிலோமீற்றரில் உடம்பில் சேமித்த சர்க்கரை தீரத் தொடங்கும், கால் கல்லாகிவிடும். பசிக்கும்வரை காத்திருக்காமல் வாழைப்பழமோ வெல்லமோ முன்கூட்டியே சாப்பிட்டுக்கொண்டே வாருங்கள். தண்ணீரைத் தாகத்துக்குக் குடியுங்கள். பயந்துபோய் அளவுக்கு மீறிக் குடித்தால் உடம்பில் உப்பு குறைந்து ஆபத்தாகும். விடிகாலையில் பனிமூட்டம் இருக்கும், முதல் பஸ்காரருக்கு உங்களைத் தெரியாது. அதனால் எல்லோருக்கும் வெளிச்சமான சட்டை கட்டாயம்.

காசு விஷயத்தில் நான் கண்டிப்பாக இருப்பேன். சேர்ந்த காசிலிருந்து ஓடுகிறவர்களின் சட்டைக்கும் சாப்பாட்டுக்கும் ஒரு சதமும் எடுக்கக் கூடாது, அதை ஓடுகிறவர்களே போட்டுக்கொள்வோம். இரண்டு பேர் சேர்ந்துதான் எண்ண வேண்டும். ஞாயிறுதோறும் கணக்கைக் கோயில் பலகையில் ஒட்டுவோம். படங்குக்குள்ளிருந்து வந்த நூறு ரூபா அது.

பாட்டிக்கு 34ஆவது கிலோமீற்றரை எழுதியிருக்கிறேன். நானுஓயா தாண்டின ஏற்றம். 35 இன்னும் காலியாகத்தான் இருக்கிறது. புத்தகமும் பேனாவும் வாசல் மேசையில் இருக்கின்றன.