நட்சத்திரம் தெரிகிற கூரை

நண்பர்களே, பைபிள் படித்தவர்களுக்குக் கூடாரப் பண்டிகை என்ற பெயர் தெரிந்திருக்கும். யூதர்கள் அதை சுக்கோத் என்கிறார்கள். அந்த ஏழு நாளும் ஒரு யூத வீட்டில் என்ன நடக்கிறது என்பதைத்தான் இன்று பேச வந்திருக்கிறேன்.

செப்டம்பர் கடைசியிலோ அக்டோபரிலோ, யூத நாட்காட்டியின் திஷ்ரி மாதத்து முழுநிலவில் பண்டிகை தொடங்குகிறது. அறுவடை முடிந்து, தானியமும் திராட்சையும் வீடு வந்து சேர்ந்த நேரம். உள்ளே உட்கார்ந்து நிம்மதியாகச் சாப்பிட வேண்டிய அந்த நேரத்தில், வெளியே வந்து ஏழு நாள் குடிலில் இரு என்கிறது பைபிளின் லேவியராகமம் 23ஆம் அதிகாரம். எகிப்திலிருந்து புறப்பட்ட முன்னோர்கள் குடில்களில்தான் இருந்தார்கள் என்பதைப் பிள்ளைகள் அறிய வேண்டுமாம். அந்தக் குடில்கள் எவை? கடவுளின் மகிமை மேகங்கள் என்றார் பழங்கால யூத அறிஞர் ரபி எலியேசர். இல்லை, நிஜமான குடில்களே என்றார் இன்னோர் அறிஞர் ரபி அகிபா. யூத அறிஞர்களின் விவாதங்களைத் தொகுத்த தல்மூத் என்ற நூல் இரண்டையும் பதிந்து வைத்திருக்கிறது. என் மனம் அகிபாவின் பக்கம். வெயிலும் தூசியும் பட்ட குடில் என்றால்தான் அதில் உட்காருவதற்கே பொருள் வருகிறது.

பண்டிகைக்குச் சில நாள் முன்பு வரும் யோம் கிப்பூர் என்ற பாவநிவிர்த்தி நாளின் நோன்பு முடிந்த இரவே முதல் ஆணியை அடித்துவிடுவது பல வீடுகளில் வழக்கம். சுவர் பலகையோ துணியோ, எதுவானாலும் சரி. சட்டமெல்லாம் கூரைக்குத்தான். மண்ணில் முளைத்து, பிறகு வெட்டப்பட்ட பொருளாக இருக்க வேண்டும்: பேரீச்ச ஓலை, மூங்கில், மரக்கிளை. தகரம் ஆகாது. உயிரோடு நிற்கும் மரத்தடியில் போட்டாலும் செல்லாது. மேல்வீட்டு பால்கனிக்குக் கீழே போட்டாலும் செல்லாது. அதனால்தான் ஜெருசலேமில் சில குடியிருப்புகளில் பால்கனிகளை ஒன்றன் நேர் கீழே ஒன்று வராமல் விலக்கிக் கட்டியிருக்கிறார்கள். வெயிலைவிட நிழல் கூடுதலாக விழ வேண்டும். ஆனால் இரவில் நட்சத்திரம் தெரிகிற அளவுக்கு இடைவெளி விடுவது மரபு.

அப்புறம் குழந்தைகள் காகிதச் சங்கிலியும் பழங்களும் தொங்கவிடுகிறார்கள். சாப்பாடு எல்லாம் அங்கேதான், சிலருக்குத் தூக்கமும் அங்கேதான். எலுமிச்சை இனத்து எத்ரோக் பழம், பேரீச்சங்குருத்து, நறுமணமுள்ள மிர்ட்டில் செடியின் கிளை, ஆற்றலரி என்ற வில்லோ மரத்தின் கிளை இந்த நான்கையும் கையில் சேர்த்துப் பிடித்துத் திசையெங்கும் அசைக்கிறார்கள்.

ஒவ்வொரு இரவும் ஆபிரகாம், மோசே, தாவீது போன்ற ஏழு முன்னோரில் ஒருவரை விருந்துக்கு அழைப்பது இன்னொரு வழக்கம். அந்த விருந்தாளியின் பங்கு ஏழைகளுக்குப் போக வேண்டும். 12ஆம் நூற்றாண்டில் யூதச் சட்ட அறிஞர் மைமோனிடிஸ் ஏழைகளை மறப்பவர்களைப் பற்றிக் கறாராகவே எழுதினார். வாசலைப் பூட்டிக்கொண்டு மனைவி மக்களோடு மட்டும் உண்டு குடிப்பவனின் மகிழ்ச்சி பண்டிகையின் மகிழ்ச்சி அல்ல, அவன் வயிற்றின் மகிழ்ச்சி என்றார். இந்தப் பண்டிகையைப் பற்றி நான் படித்தவற்றில் என்னை அதிகம் உலுக்கியது இதுதான். சுக்கோத்துக்கு யூத வழிபாட்டில் 'நம் மகிழ்ச்சியின் காலம்' என்றே பெயர். வீட்டின் பாதுகாப்பை விட்டு இறங்கியவனுக்குத்தான் அந்த மகிழ்ச்சி என்கிறார்கள். கூரை இல்லாதவனின் இரவு எப்படி இருக்கும் என்பது அவனுக்கு அப்போது கொஞ்சமாவது தெரியும் அல்லவா?

தெற்கு ஜெர்மனியில் ஃபிஷாக் என்ற கிராமத்துக் குடும்பம் ஒன்று, 19ஆம் நூற்றாண்டில் கழற்றி மாட்டக்கூடிய மரக் குடில் வைத்திருந்தது. அதன் சுவரில் ஜெருசலேமையும் வரைந்திருந்தார்கள், தங்கள் கிராமத்தையும் வரைந்திருந்தார்கள். நாஜி ஆட்சிக் காலத்தில் அது ஜெர்மனியிலிருந்து கடத்தி வெளியே கொண்டுவரப்பட்டது. இன்று ஜெருசலேமில், இஸ்ரேல் அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

சரி, மழை வந்தால்? கஞ்சி கெட்டுப்போகிற அளவுக்குப் பெய்தால் உள்ளே போய்விடலாம் என்கிறது மிஷ்னா என்ற பழைய யூதச் சட்டத் தொகுப்பு. குடிலில் இருக்கும்போது மழை வருவதை அவர்கள் நல்ல அறிகுறியாக எடுத்துக்கொள்வதில்லை. அதனால் மழைக்கான வழிபாடு ஏழு நாளும் காத்திருந்து, எட்டாம் நாளில்தான் வருகிறது. அன்றாட வேண்டுதலில் 'மழை தா' என்று கேட்பதையோ இஸ்ரேலில் அதற்குப் பிறகும் 15 நாள் தள்ளிப்போடுகிறார்கள். ஜெருசலேமில் யூத ஆலயம் இருந்த காலத்தில் பண்டிகைக்கு அங்கே வந்த பயணிகளில் கடைசி ஆள், ஊர் திரும்பும் வழியில் யூப்ரடீஸ் நதியை நனையாமல் எட்டுவதற்காக விட்ட அவகாசம் அது.