ஒரு கம்பியை முறுக்கினால் ஆறும் மாறும்

வணக்கம் நேயர்களே.

நான் கதைக்க வந்திருப்பது எலெக்ட்ரிக் கிற்றாரைப் பற்றி. அதிலும் பிரிட்ஜ், அதாவது உடலில் கம்பிகளின் அடிமுனையைத் தாங்குகிற உலோகப் பாகம், மிதக்கிற கிற்றாரைப் பற்றி. கிற்றாரைத் தொட்டே பார்க்காதவர்களும் கொஞ்சம் கேளுங்கள். உங்கள் வீட்டுப் பிள்ளை அறைக்குள் இருந்துகொண்டு அரை மணித்தியாலமாக ஒரே கம்பியைத் தட்டுவதும் முறுக்குவதுமாக இருந்தால், பிள்ளைக்கு வேலை தெரியாது என்று நினைத்துவிட வேண்டாம். அது அநேகமாக இந்த வகைக் கிற்றாராக இருக்கும்.

மிதக்கிறது என்றால் என்ன? எங்கள் தோட்டக் கிணற்றுத் துலாவை நினைத்துக்கொள்ளுங்கள். முன்னால் வாளி, பின்னால் பாரம், நடுவில் ஆடுகால். இரண்டு பக்கமும் சரிவந்தால் துலா அந்தரத்தில் நிற்கும். இந்த பிரிட்ஜும் அப்படித்தான். ஆறு கம்பிகளும் சேர்ந்து அதைக் கழுத்துப் பக்கம் இழுக்கின்றன. கிற்றாரின் முதுகுப் பக்கத்தில் ஒரு மூடி உண்டு. அதைக் கழற்றினால் ஒரு குழி. குழிக்குள் மூன்று ஸ்பிரிங், சிலதில் நாலு, ஐந்து. அவை பிரிட்ஜின் அடிக்கட்டையைப் பிடித்து எதிராக இழுக்கின்றன. இரண்டு இழுவையும் சமப்படுகிற இடத்தில் பிரிட்ஜ் நிற்கிறது.

இப்போது ஒரு கம்பியை முறுக்குகிறீர்கள். இழுவை கூடுகிறது. பிரிட்ஜ் ஒரு மயிரிழை முன்னால் சாய்கிறது. சாய்ந்த உடனே மற்ற ஐந்து கம்பிகளும் தளர்ந்து சுருதி இறங்கிவிடும். தடித்த கம்பியில் தொடங்கிக் கடைசி மெல்லிய கம்பிக்கு வருகிறீர்கள். வந்து திரும்பிப் பார்த்தால் முதலில் கூட்டிய கம்பி எங்கேயோ கீழே கிடக்கிறது. இதில்தான் பிள்ளைகள் மனம் விட்டுப்போகிறார்கள்.

இதை எனக்கு விளங்கவைத்தது கிற்றார்காரர் இல்லை. என் பெரியப்பா. அவர் மிருதங்கம் வாசித்தவர். இந்தக் கதையைக் கொஞ்சம் ஆறுதலாகச் சொல்ல வேண்டும்.

பெரியப்பா திண்ணையில் சாக்கை விரித்து, மிருதங்கத்தின் வலந்தலையை மேலே பார்க்க நிறுத்தி, ஒரு கையில் கல்லும் மற்றக் கையில் கட்டையுமாக இருப்பார். மிருதங்கத்தின் விளிம்பில் 16 கண் உண்டு, சுருதி சேர்க்கத் தட்டுகிற இடங்கள். விளிம்பைச் சுற்றியிருக்கிற தோல் பின்னலை மேலே இருந்து தட்டினால் தோல் இறுகும், சுருதி ஏறும். கீழே இருந்து தட்டினால் இறங்கும். எனக்கு அப்போது பதினொரு வயது இருக்கும். தட்டிப் பார்க்க ஆசை. ஒரு நாள் தந்தார். நான் ஒரு கண்ணைப் பிடித்துக்கொண்டு, அது சுருதிப் பெட்டியோடு சேரும்வரை தட்டினேன். சேர்ந்துவிட்டது. நல்ல சந்தோசம். அடுத்த கண்ணுக்குப் போனேன், அதையும் சேர்த்தேன். நாலு கண் தாண்டித் திரும்பி முதல் கண்ணில் விரலை வைத்தால் அது கூடிப்போய்க் கத்துகிறது. அதைத் தட்டி இறக்கினால் எதிர்க்கண் இறங்குகிறது. அழுகை வந்துவிட்டது.

பெரியப்பா கல்லை வாங்கிக்கொண்டு சொன்னார்: "தம்பி, ஒண்டைச் சரியாக்கிப்போட்டு மற்றதுக்குப் போகாதை. எல்லாத்தையும் கிட்டக் கொண்டுவா. பிறகு இன்னும் கிட்டக் கொண்டுவா. கடைசியாத்தான் சரியாக்க வேணும்."

பிறகு எதிரெதிர்க் கண்களாக, மெல்ல மெல்ல, மூன்று சுற்று வந்தார். மூன்றாவது சுற்றில் ஒவ்வொரு கண்ணுக்கும் ஒரு தட்டுக்கூடத் தேவைப்படவில்லை.

பல வருடம் கழித்து எனக்கு இந்த வகைக் கிற்றார் கையில் வந்தபோது நான் செய்தது அதுதான். முதல் சுற்றில் ஆறு கம்பியையும் ஏறத்தாழக் கூட்டிவிடுங்கள். சுருதி காட்டுகிற கருவியான ரியூனரில் முள் நடுவுக்கு வரவேண்டும் என்று நிற்க வேண்டாம். இரண்டாவது சுற்றில் இன்னும் கிட்ட. மூன்றாவது, நாலாவது சுற்றில் முள் தானாக நடுவுக்கு வரும். திரும்பவும் சொல்கிறேன், ஒரு கம்பியைச் சரியாக்கிவிட்டு மற்றதுக்குப் போகாதீர்கள். எல்லாவற்றையும் கிட்டக் கொண்டுவாருங்கள்.

சரி, சுற்றிச் சுற்றி வந்தும் நிற்கவில்லை என்றால்? போன திருவிழாக் காலத்தில் ஒரு தம்பி கிற்றாரைத் தூக்கிக்கொண்டு வந்தார். அடுத்த நாள் கோயிலில் அவர்களுடைய இசைக்குழு. முகம் வாடிப்போயிருந்தது.

"அண்ணை, இது ரியூனில நிக்குதே இல்லை. கொண்டுபோய்க் காட்டின இடத்தில சாமான் பழுது, பிரிட்ஜை இறுக்கி அடைச்சுவிடுவம் எண்டினம்."

மேசையில் கிடத்திக் கண்ணைக் கம்பி மட்டத்துக்கு இறக்கிப் பார்த்தேன். பிரிட்ஜின் பின்பக்கம் பாதி திறந்த பெட்டி மூடிபோல எழும்பி நின்றது. அது கிற்றாரின் உடலுக்குச் சமாந்தரமாக இருக்க வேண்டும்.

"தம்பி, கம்பி மாத்தினனீங்களோ?"

"ஓம் அண்ணை. முந்தி ஒன்பது. இப்ப பத்து போட்டிருக்கிறன்."

விசயம் அதுதான். ஒன்பது, பத்து என்பது மெல்லிய கம்பியின் தடிப்பு, அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்குக் கணக்கு. கேட்க ஒரு இலக்க வித்தியாசம். ஆனால் ஒன்பது செட்டின் ஆறு கம்பியும் சுருதியில் நிற்கும்போது மொத்த இழுவை ஏறத்தாழ 38 கிலோ. பத்து செட்டுக்கு 47 கிலோவுக்குக் கிட்ட. ஸ்பிரிங்குகள் பழைய பாரத்துக்கு வைத்தபடியே இருக்கின்றன. துலாவின் வாளியைப் பெரிதாக்கிவிட்டுப் பின்பாரத்தைக் கூட்டாமல் விட்டது போல.

நான் செய்த வேலை இது. கவனமாகக் கேட்டால் படம் தேவையில்லை. முதுகுக் குழிக்குள் பிரிட்ஜின் அடிக்கட்டை தெரியும். அதற்கும் குழியின் வால்பக்கச் சுவருக்கும் நடுவில் ஒரு சின்ன மரத்துண்டைச் செருகினேன், பிரிட்ஜ் மட்டமாக நிற்கிற அளவுக்குச் சீவி. இப்போது பிரிட்ஜால் முன்னால் சாய முடியாது. அப்படியே ஆறு கம்பியையும் கூட்டினேன். பிறகு ஸ்பிரிங்குகள் மாட்டியிருக்கிற தகட்டில் இரண்டு நீட்டுத் திருகாணி இருக்கிறதே, அவற்றை மாறி மாறி அரைச் சுற்று, அரைச் சுற்றாக இறுக்கினேன். இறுக்க இறுக்க ஸ்பிரிங்கின் பலம் கூடும். ஒரு கட்டத்தில் மரத்துண்டு "டொக்" என்று தானாகக் கழன்று மேசையில் விழுந்தது. அந்த இடந்தான் சமநிலை. கம்பிகளைத் தட்டிப் பார்த்தால் சுருதி அப்படியே நிற்கிறது. தம்பி அந்த மரத்துண்டைக் கேட்டு வாங்கிக்கொண்டு போனார்.

அந்த பிரிட்ஜை அடைத்துவிடச் சொன்னார்களே, அதில்தான் எனக்கு மனத்தாங்கல். அடைத்தால் சுருதி நிற்கும், உண்மைதான். ஆனால் நல்லூர்த் தேருக்கு முன்னால் நாதஸ்வரம் கேட்டு வளர்ந்த காது எங்களுடையது. சுரம் நின்ற இடத்தில் நிற்காமல் அசைய வேண்டும் எங்களுக்கு. கிற்றாரின் கழுத்தில் குறுக்கே இருக்கிற மெட்டுக்கள் உலோகத்தால் பதித்தவை. கம்பியை விரலால் இழுத்தால் சுரம் மேலே மட்டுந்தான் போகும். பிரிட்ஜில் மாட்டுகிற அந்தக் கைபிடியைப் பிடித்து மெல்ல அசைத்தால் மேலேயும் போகும், கீழேயும் போகும். கமகத்துக்கு ஒரு வாசல் திறந்திருக்கிறது. அதை ஏன் அடைக்க வேண்டும்?

இதன் வரலாறும் சுருக்கமாக. 1954இல் வந்த ஃபெண்டர் ஸ்ட்ராட்டோகாஸ்டரில் ஸ்பிரிங் வைத்த பிரிட்ஜ் இருந்தது. அதை ட்ரெமலோ என்று பெயரிட்டார்கள். உண்மையில் ட்ரெமலோ என்பது சத்தம் கூடிக் குறைவது. சுருதி அசைவதற்கு வைப்ராட்டோ என்று பெயர். அந்தப் பிழைப் பெயரே நிலைத்துவிட்டது. அதில் கைபிடியை அசைத்தால் கம்பி, கழுத்தின் தலைப்பக்கம் இருக்கிற நட் பள்ளத்தில் மாட்டிக்கொண்டு பழைய இடத்துக்குத் திரும்பி வராது. இதற்கு வழி கண்டவர் ஃபுளொயிட் ரோஸ் என்ற அமெரிக்கர். கம்பியை நட்டிலும் பிரிட்ஜிலுமாக இரண்டு முனையிலும் பூட்டிவிட்டார். 1979இல் காப்புரிமை கிடைத்தது. பூட்டு உள்ள கிற்றார் வைத்திருப்பவர்கள் ஒன்றை மறக்க வேண்டாம்: நட்டைப் பூட்டுவதற்கு முன்னமே பிரிட்ஜில் சுருதியை நுணுக்கமாக ஏற்றி இறக்குகிற சின்னத் திருகுகளைப் பாதியில் வைத்துவிடுங்கள். இல்லாவிட்டால் பூட்டிய பிறகு ஏற்றவோ இறக்கவோ இடம் இருக்காது. பூட்டு இல்லாத கிற்றார் என்றால், கம்பி மாற்றும்போது நட் பள்ளத்தில் பென்சில் கரியைத் தேய்த்துவிடுங்கள். கம்பி வழுக்கித் திரும்பி வரும்.

கம்பி மாற்றுவதைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஆறையும் ஒரேயடியாகக் கழற்றாதீர்கள். ஒவ்வொன்றாகக் கழற்றி ஒவ்வொன்றாகப் போடுங்கள். புதுக்கம்பியை விரலால் மெல்ல இழுத்து இழுத்து விடுங்கள். அது நீண்டு முடியும்வரை எத்தனை சுற்று வந்தாலும் நிற்காது. மேடையில் ஒரு கம்பி அறுந்தால் மற்ற ஐந்தும் உடனே சுருதி ஏறிவிடும். ஆகவே இரண்டாவது கிற்றார் ஒன்று பக்கத்தில் இருக்கட்டும்.

கண்ணாடிக்கு அப்பால் இரண்டு விரலைக் காட்டுகிறார்கள், இரண்டு நிமிடம். மெட்டுச் சுருதி, அதாவது மெட்டில் அழுத்தும்போது சுரம் சரியாக நிற்கிறதா என்பது பற்றி விரிவாகச் சொல்ல இருந்தேன். சுருக்கமாகச் சொல்கிறேன். 12ஆவது மெட்டின் மேலே கம்பியை அழுத்தாமல் தொட்டு ஒரு தட்டு, பிறகு அதே இடத்தில் அழுத்தி ஒரு தட்டு. இரண்டும் ஒரே சுரமாக இருக்க வேண்டும். அழுத்தினது கூடி நின்றால், பிரிட்ஜில் அந்தக் கம்பி உட்கார்ந்திருக்கிற துண்டைப் பின்னால் தள்ளுங்கள். குறைந்தால் முன்னால். தள்ளின பிறகு திரும்பவும் ஆறு கம்பியையும் சுற்றி வரவேண்டும், அது உங்களுக்குத் தெரியும். கம்பியின் உயரம், கழுத்தின் வளைவு எல்லாம் இதற்கு முன்னமே பார்த்து முடித்திருக்க வேண்டிய வேலைகள். அவற்றுக்கு இன்றைக்கு நேரமில்லை.

ஒன்றே ஒன்று. எங்கள் கடற்காற்றில் உப்பு இருக்கிறது. வாசித்து முடித்ததும் காய்ந்த பருத்தித் துணியால் கம்பிகளையும் பிரிட்ஜின் திருகுகளையும் துடைத்துவிட்டு வையுங்கள். திருகு துருப்பிடித்தால் பிறகு அதை அசைக்கவே முடியாது.

வணக்கம்.